கேரட் செல் குடுவையில் கரு வரவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே மூட்டை மூட்டையாகக் கேரட் கழுவிக்கொண்டிருப்பார்கள். உள்ளே அதே கேரட்டின் செல்கள் 250 மில்லி குடுவைகளில் ஷேக்கர் (குடுவையைச் சுழற்றி ஆட்டும் கருவி) மேல் சுழன்றுகொண்டிருக்கும். திசு வளர்ப்பு பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது கேரட்டைத்தான். மலையில் கிடைப்பதால் மட்டும் இல்லை. விதை இல்லாமலே வளர்ப்புச் செல்லிலிருந்து கரு உருவாகும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டிய பயிர் இது. 1958இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்டும் அவர் குழுவினரும், ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் ரைனர்ட்டும் இதைக் கண்டார்கள். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் கேரட் செல்லுக்குள் நடக்கும் வேதியியலை அலசியதுபோல் வேறு பயிரில் அலசியது குறைவு. கேரட்டில் கோளாறு பிடிக்கத் தெரிந்துவிட்டால், வாழைக்கோ காப்பிக்கோ போகும்போது கண் பழகியிருக்கும்.

என்னிடம் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: "2,4-டி அளவை எவ்வளவு மாற்றட்டும்?" 2,4-டி என்பது செல்லைப் பிரியத் தூண்டும், ஆக்சின் வகைச் செயற்கை ஹார்மோன். அந்த ஹார்மோனைத் தொடாதீர்கள் என்பதே என் முதல் பதில். செல் என்ன சாப்பிட்டது, எந்த நாளில் எது தீர்ந்தது, எதை வெளியே விட்டது, பக்கத்தில் எத்தனை செல் நெருங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். பத்துக் கோளாறில் ஏழெட்டு அங்கேயே பிடிபட்டுவிடும்.

நல்ல குடுவை எப்படி நடந்துகொள்ளும்

கோளாறு தெரிய வேண்டுமானால் நலம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். எம்.எஸ். ஊடகம் (முராஷிகே-ஸ்கூக் என்ற வழக்கமான உப்புக் கலவை), 3 சதவீதச் சர்க்கரை, லிட்டருக்கு அரை மி.கி. 2,4-டி, 25 டிகிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 சுற்று. இதுதான் எங்கள் வழக்கம்.

முதல் இரண்டு நாள் குடுவை தூங்குவதுபோல் இருக்கும். உள்ளே தூக்கமே கிடையாது. மூச்சு வேகம் ஏறும், ஆர்.என்.ஏ.யும் புரதமும் மும்முரமாகத் தயாராகும். ஊடகத்தில் இருக்கும் பாஸ்பேட் 1.25 மில்லிமோலார்தான். அதைச் செல்கள் முதல் சில நாளிலேயே உறிஞ்சி உள்ளே சேமித்துக்கொள்ளும். செல்சுவரில் இருக்கும் இன்வெர்டேஸ் நொதி சர்க்கரையைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைக்கும். அதில் குளுக்கோஸ்தான் முதலில் தீரும். அம்மோனியத்தை உள்ளே இழுக்கும் செல் பதிலுக்கு அமிலத்தன்மையை வெளியே தள்ளுவதால், 5.8இல் வைத்த பி.எச். 5க்குக் கீழேகூட இறங்கும். அம்மோனியம் குறைந்து நைட்ரேட்டை எடுக்க ஆரம்பித்ததும் பி.எச். மெல்ல ஏறும். மூன்றாம் நாளிலிருந்து ஏழெட்டாம் நாள் வரை செல்கள் ஒன்று இரண்டாக விறுவிறுவெனப் பிரியும். பத்து நாளுக்கு மேல் விட்டால் பிரிவது நின்றுவிடும். செல் நீளும், உள்ளே நீர்க்குமிழி (வாக்யூல்) பெருக்கும், சுவர் தடிக்கும், காற்றுப் பட்டால் பழுப்பாகும் பீனால்கள் சேரும்.

ஆகவே குடுவைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிருமி புகாமல் சில மில்லி எடுத்து, அளவு கீறிய சென்ட்ரிஃபியூஜ் குழாயில் சுழற்றி, அடியில் அமுக்கிய செல் எத்தனை மில்லி என்று எழுதுங்கள். மேலே தெளிந்த நீரின் பி.எச்., நிறம், வாசனை ஆகியவற்றையும் எழுதுங்கள். பி.எச். காகிதம் போதும், மீட்டர்கூட வேண்டாம். இந்த நான்கு விஷயங்களும் இல்லாமல் யார் கேட்டாலும் என்னால் ஊகம்தான் சொல்ல முடியும்.

அறிகுறி: இரண்டாம் நாளே பால்போல் கலங்குகிறது

இது கிருமி. செல் பெருகிக் கலங்குவதற்கு அத்தனை சீக்கிரம் நேரமே இல்லை. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் நெளியும் குச்சிகள் தெரியும்.

மலையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஒரு மழைக்காலம் முழுவதும் அது எங்களைப் படுத்திய பாடு கொஞ்சம் இல்லை. மூடுபனியைக் குறை சொன்னோம், லாமினார் மேடையின் (கிருமியற்ற காற்று வீசும் வேலை மேடை) வடிகட்டியைச் சந்தேகப்பட்டோம், கையுறையை மாற்றினோம். உதவிக்கு இருந்த பெண் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள்: "அக்கா, எங்க வீட்ல பருப்பு வேக இவ்ளோ நேரம் ஆகுதே, இந்த ஆட்டோகிளேவுக்கு மட்டும் கீழ்நாட்டு நேரமே போதுமா?" அவள் கேட்டதில்தான் விடை இருந்தது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊடகத்தை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் முள் காட்டுவது, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான். கடலோரத்தில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு என்றால் 121 டிகிரி. இங்கே வெளிக்காற்றே லேசாக இருப்பதால், அதே 15 பவுண்டில் உள்ளே 117 டிகிரியைத்தான் எட்டும். நாலு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வித்துகளைக் கொல்லும் வேகம் அதற்கே பாதிக்கும் கீழே போய்விடும். உச்ச வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் வெப்பமானியை உள்ளே போட்டு எடுத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

121 டிகிரி வேண்டுமானால் இந்த உயரத்தில் முள் 18½ பவுண்டுக்குப் போக வேண்டும். உங்கள் கருவி அதற்குத் தகுந்ததா என்று அதன் தகட்டில் பார்க்காமல் ஏற்றாதீர்கள், சேஃப்டி வால்வைக் கட்டி வைக்கவே கூடாது. தகுதி இல்லையென்றால் நேரத்தை நீட்டுங்கள்: 20 நிமிடம் போதும் என்ற இடத்தில் 45 முதல் 50 நிமிடம். உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே வால்வை மூடுங்கள். அதிக நேரம் வைத்தால் சர்க்கரை கருகி ஊடகம் மஞ்சளாகும், பி.எச். இறங்கும். அதனால் பெரிய பாட்டிலில் காய்ச்சாமல், சின்னச் சின்னக் குடுவைகளில் 50 மில்லி வீதம் ஊற்றி வையுங்கள். கொடைக்கானலுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

அறிகுறி: ஒரு வாரமாகியும் செல் கூடவில்லை

முதலில் அறையின் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். மார்கழி, தையில் உறைபனி விழும் நாட்களில் சூடேற்றாத அறை ராத்திரியில் எவ்வளவு இறங்குகிறது என்று பகலில் வருகிறவர்களுக்குத் தெரியாது. குளிரில் நொதிகளின் வேகம் குறையும், இரண்டு நாள் தயக்கம் ஆறு நாளாக நீளும். ஷேக்கரைச் சுற்றித் தெர்மோகோல் பெட்டி கட்டி, உள்ளே ஒரு பல்பும் தெர்மோஸ்டாட்டும் வைத்தால் போதும்.

அடுத்தது, போட்ட செல்லின் அளவு. பெருக்கத்துக்குச் செல்களின் கூட்டம் வேண்டும். செல்கள் ஊடகத்துக்குள் விடும் சில பொருட்கள் குறிப்பிட்ட அளவு சேர்ந்தால்தான் அவை பிரிய ஆரம்பிக்கும். ஐம்பது மில்லிக்கு ஒன்றிரண்டு மில்லி அமுக்கிய செல் போடுங்கள். பழைய குடுவையின் தெளிந்த நீரில் ஐந்து மில்லி சேர்த்தாலும் தூண்டிவிடும்.

மூன்றாவது, எடுத்த செல்லின் வயது. பதினைந்து, இருபது நாள் கிடந்த குடுவையிலிருந்து எடுத்தால், நிறுத்தி வைத்த வேலையை எல்லாம் செல் மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கும். ஏழு நாளில் மாற்றுங்கள்.

அறிகுறி: ஊடகமும் செல்லும் பழுப்பாகின்றன

குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போயிருந்தால் இந்த வேதியியலை ஏற்கெனவே கண்ணால் பார்த்திருப்பீர்கள். பச்சை இலையை உருட்டி நசுக்கியதும் செல் உடைகிறது. நீர்க்குமிழிக்குள் தனியே இருந்த கேட்டக்கின்களும் வேறிடத்தில் இருந்த பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதியும் ஒன்றை ஒன்று தொடுகின்றன. காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து அரை மணி, ஒரு மணியில் இலை செம்பு நிறமாகிறது. நல்ல டீக்கு அந்த நிறம் வேண்டும். பச்சைத் தேயிலை செய்பவர்கள் முதலிலேயே சூடு காட்டி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுவார்கள்.

குடுவையில் நடப்பதும் அதே வினைதான், ஆனால் இங்கே அது வேண்டாத வினை. சில செல் சாகிறது, உள்ளிருந்த பீனால்கள் வெளியே கசிகின்றன, ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோன்களாகின்றன. குயினோன்கள் பக்கத்துச் செல்லின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அதையும் கெடுக்கின்றன. அதுவும் செத்தால் மேலும் கசிகிறது. அதனால்தான் மாலையில் வெளிர்மஞ்சளாக இருந்த குடுவை மறுநாள் காலை டிக்காஷன்போல் இருக்கிறது.

எப்போது தொடங்கியது என்று நோட்டில் பாருங்கள். பத்தாம் நாளுக்குப் பிறகென்றால் தாமதமாக மாற்றியதுதான் காரணம். பாஸ்பேட் தீர்ந்து பிரிவது நின்ற செல்லில் பீனிலாலனின் அம்மோனியா லையேஸ் என்ற நொதியின் வேலை ஏறும். புரதத்துக்குப் போக வேண்டிய பீனிலாலனின் பீனால் பக்கம் திரும்பிவிடும். சீக்கிரம் மாற்றுவதே மருந்து.

இரண்டாம் மூன்றாம் நாளிலேயே பழுப்பானால், மின்சாரம் போனதா என்று கேளுங்கள். இங்கே ஆடி மாதக் காற்றில் கம்பிமேல் மரம் விழுந்து ஆறு மணி நேரம் ஷேக்கர் நின்றுபோவது உண்டு. செல்கள் அடியில் படிந்து ஆக்சிஜன் கிடைக்காமல் நொதித்தல் வழிக்குப் போகும். மூடியைத் திறந்தால் புளித்த மாவு வாசனை லேசாக வரும். ஈஸ்ட் புகுந்தாலும் அதே வாசனை வருமாதலால் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். யூ.பி.எஸ். இல்லாதவர்கள் அந்த நேரத்தில் குடுவையைக் கையால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது சுழற்றிவிடுங்கள். நாங்கள் முறைவைத்துச் சுழற்றிய இரவுகள் உண்டு.

காப்பாற்ற வேண்டிய குடுவையென்றால், செல்லைக் கழுவிப் புது ஊடகத்தில் போடுங்கள். அஸ்கார்பிக் அமிலம் லிட்டருக்கு 100 மி.கி., சிட்ரிக் அமிலம் 150 மி.கி. வீதம் (கிருமி நீக்கும் வடிகட்டியில்) வடிகட்டிச் சேர்த்து, ஒரு வாரம் இருட்டில் வையுங்கள். செல்லைப் பெருக்கும், 2,4-டி உள்ள ஊடகத்தில் செயலூட்டிய கரித்தூளைப் போடாதீர்கள். கரி பீனாலை மட்டும் பிடிக்காது, 2,4-டியையும் பிடித்துக்கொள்ளும். அதனாலேயே 2,4-டி இல்லாத கரு ஊடகத்தில் அது நல்ல கூட்டாளி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அறிகுறி: செல் நன்றாகப் பெருகுகிறது, கரு மட்டும் வரவில்லை

இங்கேதான் நிறையப் பேர் நிற்கிறார்கள், நானும் இங்கேதான் அதிக நாள் நின்றேன். 2,4-டி இருக்கும்போது கேரட் செல் கருவுக்கான தகுதியைப் பெறும், ஆனால் கருவாகாது. அதை எடுத்துவிட்டால்தான் வழி திறக்கும். எடுத்தும் இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

முதலில் நுண்ணோக்கி. ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து 1 சதவீத அசிட்டோகார்மைன் சாயம் ஒரு துளி விட்டு, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். வாழைப்பழம்போல் நீண்டு வளைந்த செல்கள் தெரியும். உள்ளே பெரும்பகுதி நீர்க்குமிழி, சாயம் சரியாகப் பிடிக்காது. அவை எத்தனை வாரம் வைத்தாலும் கரு தருவது அரிது. இவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன உருண்டைச் செல்கள் நெல்லிக்காய்க் கொத்துபோல் நெருக்கி ஒட்டிக்கொண்டு, அடர்சிவப்பாக நிற்கின்றனவா? சைட்டோபிளாசம் திணித்திருக்கும், உட்கரு பெரிதாகத் தெரியும். அயோடின் விட்டால் மாவுச்சத்து மணிகள் கருநீலமாகப் புள்ளி வைத்ததுபோல் காட்டும். இந்தக் கொத்துகள்தான் உங்கள் முதலீடு. வெறும் கண்ணுக்கு மெல்லிய ரவைபோலத் தெரியும். கொத்தே இல்லையென்றால் ஊடகத்தை மாற்றிப் பயனில்லை. சல்லடை வேண்டும்: 100 மைக்ரான் நைலான் வலையில் பெரிய கட்டிகளை நீக்கி, 50 மைக்ரான் வலையில் தங்குவதை மட்டும் வைத்துக்கொண்டு, நீண்ட தனிச்செல்களைக் கழுவிப் போக்குங்கள். இரண்டு மூன்று சுற்று இப்படிச் செய்தால் குடுவையின் குணமே மாறும்.

இரண்டாவது, 2,4-டி உண்மையிலேயே போய்விட்டதா? பழைய குடுவையிலிருந்து 5 மில்லியை 45 மில்லி வெற்று ஊடகத்தில் (2,4-டி சேர்க்காதது) ஊற்றிவிட்டு "ஹார்மோன் இல்லாத ஊடகம்" என்று லேபிள் ஒட்டுகிறார்கள். கணக்குப் போடுங்கள்: அரை மி.கி.யில் பத்தில் ஒரு பங்கு, லிட்டருக்கு 0.05 மி.கி. அங்கேயே இருக்கிறது. கருவைத் தடுக்க அது போதும். சரியான முறை: செல்லைப் படியவிட்டு மேல்நீரை வடித்து ஒரு மில்லி அளவுக்கு மிச்சம் வையுங்கள், 20 மில்லி வெற்று ஊடகம் வரும்வரை ஊற்றுங்கள், மறுபடி படியவிடுங்கள். ஒரு கழுவலுக்கு இருபதில் ஒரு பங்கு. மூன்று கழுவலில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேலும், செல்லுக்குள் அமினோ அமிலங்களோடு கோத்து வைத்த 2,4-டி கொஞ்சம் இருக்கும், அது மெதுவாக அவிழும். நான்காம் நாள் ஊடகத்தை இன்னொரு முறை மாற்றினால் அதுவும் தீரும்.

மூன்றாவது, நெருக்கம். பெருக்கத்துக்குக் கூட்டம் வேண்டும் என்றேனே, கருவுக்கு இடைவெளி வேண்டும். தோட்டத்தில் நெருக்கமாக முளைத்த கேரட்டைக் கலைத்துவிடாவிட்டால் கிழங்கு இறங்காது என்று இங்கே எந்த விவசாயியும் சொல்வார். குடுவையில் காரணம் வேறு, செய்ய வேண்டியது அதேதான். நெருக்கமான கேரட் செல் வளர்ப்பில் 4-ஹைட்ராக்சிபென்சைல் ஆல்கஹால் என்ற பொருள் சேர்ந்து கரு உருவாவதைத் தடுப்பதாகக் கண்டிருக்கிறார்கள். எங்கள் கைப்பழக்கம்: 50 மில்லிக்கு 0.1 மில்லி அமுக்கிய செல், அதற்கு மேல் இல்லை. குடுவை வெறிச்சென்று இருப்பதுபோல் தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான்காவது, நைட்ரஜன். எம்.எஸ். ஊடகத்தில் லிட்டருக்கு 1,650 மி.கி. அம்மோனியம் நைட்ரேட்டும் 1,900 மி.கி. பொட்டாசியம் நைட்ரேட்டும் உண்டு. அம்மோனியம் நைட்ரேட் வெடிமருந்துக்கும் பயன்படுவதால் இந்தியாவில் 2012 முதல் அதற்கெனத் தனி விதிகள் இருக்கின்றன, சின்ன ஆய்வுக்கூடங்களுக்கு வாங்குவது எளிதில்லை. சிலர் "நைட்ரஜன் நைட்ரஜன்தானே" என்று பொட்டாசியம் நைட்ரேட்டை மட்டும் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். செல் வளரத்தான் செய்யும், கருதான் வராது. ஹால்பெரினும் வெதரெல்லும் 1965இலேயே காட்டுக்கேரட்டில் இதைக் காட்டிவிட்டார்கள்: நைட்ரேட் மட்டும் கொடுத்து வளர்த்த செல்லில் கரு இல்லை, கொஞ்சம் அம்மோனியம் சேர்த்ததும் வந்தது.

ஏன் என்பது செல்லின் சமையற்கட்டைப் பார்த்தால் புரியும். நைட்ரேட் அப்படியே உதவாது. நைட்ரேட் ரிடக்டேஸ் அதை நைட்ரைட்டாக்க வேண்டும், அடுத்த நொதி அம்மோனியமாக்க வேண்டும், பிறகு குளூட்டமின் சிந்தடேஸ் அதைக் குளூட்டமினாகப் பிடிக்க வேண்டும். அத்தனைக்கும் செல் தன் ஆற்றலைச் செலவிட வேண்டும். 2,4-டியை எடுத்த முதல் வாரத்தில் செல்லுக்குப் புரதமும் ஆர்.என்.ஏ.யும் பெருமளவில் தேவை. கூடவே ஆர்ஜினின் டிகார்பாக்சிலேஸ் வேகம் ஏறிப் புட்ரெசின் முதலான பாலிஅமின்கள் (நைட்ரஜன் உள்ள சிறு மூலக்கூறுகள்) கூடும். அந்த நொதியைத் தடுத்தால் கரு குறைகிறது, வெளியிலிருந்து பாலிஅமின் கொடுத்தால் திரும்ப வருகிறது என்றும் கேரட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். ஆர்ஜினின் ஒரு மூலக்கூறில் நான்கு நைட்ரஜன். அம்மோனியம்போல் தயாராக ஒடுக்கப்பட்ட நைட்ரஜன் கையிருப்பில் இல்லாத செல் இத்தனைக்கும் ஈடுகொடுக்காது. இதைப் படித்துவிட்டுப் புட்ரெசின் வாங்க ஓடாதீர்கள். நானும் சேர்த்துப் பார்த்தேன், மற்றவை சரியாக இருந்த குடுவையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அம்மோனியம் நைட்ரேட் கிடைக்காவிட்டால் நாங்கள் செய்வது: பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 4 கிராம், அம்மோனியம் குளோரைடு 535 மி.கி. அதாவது நைட்ரேட் 40, அம்மோனியம் 10 மில்லிமோலார். கேசீன் ஹைட்ரோலைசேட் (உடைத்த பால் புரதம்) 200 மி.கி. சேர்த்தாலும் நல்லது. குளூட்டமின் போடுவதென்றால் ஆட்டோகிளேவில் வைக்காமல் வடிகட்டிச் சேருங்கள், சூட்டில் சிதையும். பி.எச். எந்த நாளிலும் இறங்காமல் நேராக ஆறரைக்கு மேல் ஏறிக்கொண்டே போனால், அம்மோனியம் இல்லை என்று குடுவையே சொல்கிறது.

ஐந்தாவது சின்ன விஷயம், மூடி. குடுவை வாயைப் பாராஃபிலிம் (இழுபடும் மெழுகுப் படலம்) வைத்து இறுக்கிச் சுற்றினால், செல் விடும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் உள்ளேயே தங்கும். எத்திலீனும் ஸ்பெர்மிடின் போன்ற பாலிஅமின்களும் ஒரே மூலப்பொருளுக்குப் போட்டியிடுகின்றன. பஞ்சு மூடி போதும்.

அறிகுறி: உருண்டையாகி அங்கேயே நிற்கிறது

நல்ல குடுவையில் கழுவிய ஐந்து முதல் ஏழு நாளில் வழுவழுப்பான உருண்டைகள் வரும். அப்புறம் இரண்டு மூன்று நாளில் உச்சி தட்டையாகி இதய வடிவம், இரண்டாம் வாரக் கடைசியில் நீண்டு சீரகம்போல் ஒரு வடிவம். கேரட்டும் சீரகமும் ஒரே குடும்பம் என்பதால் அந்த ஒப்புமையை நான் விரும்பியே சொல்கிறேன். வெளிச்சத்துக்கு எதிரே குடுவையைச் சுழற்றினால் வெள்ளைச் சீரகம் மிதப்பதுபோல் இருக்கும். முதல் தடவை பார்த்த அன்று உதவிப் பெண் குடுவையைக் கீழே வைக்கவே இல்லை. "அக்கா, இது எல்லாமே செடியாகுமா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

உருண்டை இதயமாக வேண்டுமானால் இரு பக்கம் விதையிலைகள் எழ வேண்டும். அதற்குக் கரு தானே தயாரிக்கும் ஐ.ஏ.ஏ. என்ற ஆக்சின், செல்லுக்குச் செல் ஒரு திசையில் கடத்தப்பட்டு, ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் சேர வேண்டும். இந்தக் கடத்தலைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் கேரட் கரு உருண்டையாகவே பெருக்கிறது. 2,4-டி மிச்சமிருந்தாலும் விளைவு அதேதான்: எல்லாச் செல்லிலும் ஒரே சீராக ஆக்சின் குறிப்பு ஒலித்துக்கொண்டிருந்தால், மேல் கீழ், இடம் வலம் என்று கருவுக்குத் தெரியாது.

ஆகவே மறுபடி கழுவுங்கள். அப்படியும் நின்றால், வெற்று ஊடகத்தில் அரை சதவீதம் கரித்தூள் போட்டு அதில் மாற்றுங்கள். மிச்ச ஆக்சினையும் பீனாலையும் கரி வாங்கிக்கொள்ளும். ஜியாட்டின் (செல் பிரிவைத் தூண்டும் இன்னொரு ஹார்மோன்) லிட்டருக்கு 0.02 மி.கி. சேர்த்தால் உருண்டைகள் விரைவாகப் பெருகும். ஃபுஜிமுராவும் கோமமினேவும் ஜப்பானில் எல்லாக் கருவும் ஒரே சமயத்தில் வளரும்படி கேரட்டில் ஏற்பாடு செய்தபோது பயன்படுத்திய அளவு ஏறக்குறைய இதுதான். இளநீர் சேர்க்கலாமா என்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். ஸ்டூவர்ட் அதைத்தான் பயன்படுத்தினார், அதில் ஜியாட்டின் வகைப் பொருட்களும் இனோசிட்டாலும் உண்டு. ஆனால் காய்க்குக் காய் அளவு மாறும். கோளாறு தேடும்போது அது வேண்டாம்.

அறிகுறி: செல்கள் இளஞ்சிவப்பாகின்றன

பயப்பட வேண்டாம், அது ஆந்தோசயனின். 2,4-டி இருக்கும்வரை அந்த வழி அடங்கிக் கிடக்கும், எடுத்ததும் திறந்துகொள்ளும். ஹார்மோன் போய்விட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் சிவந்த செல் கருவாகப் போவதில்லை. அது வேறு தொழிலுக்குப் போய்விட்டது. குடுவையில் பாதிக்கு மேல் சிவந்தால் மேலே சொன்ன சல்லடைக்குத் திரும்புங்கள், விளக்கு வெளிச்சத்தையும் குறையுங்கள்.

அறிகுறி: வேர் மட்டும் வருகிறது

வேரும் கருவும் முதலில் ஒன்றுபோலத் தோன்றும். ஊசியால் பிரித்துப் பாருங்கள்: கரு தாய்க்கட்டியிலிருந்து சுத்தமாகக் கழன்று வரும், இரண்டு முனையும் இருக்கும். வேர் கட்டியோடு நரம்பாகப் பிணைந்திருக்கும், இழுத்தால் பிய்யும். பெருக்க ஊடகத்தில் 2,4-டிக்குப் பதிலாக வலுக் குறைந்த ஆக்சின் போட்டிருந்தாலோ, பெரிய கட்டிகளைச் சலிக்காமல் விட்டிருந்தாலோ இப்படி ஆகும்.

அறிகுறி: மூன்று நான்கு விதையிலை, கொம்புபோல் வளைந்த கரு, அவசர முளைப்பு

விதைக்குள் இருக்கும் கருவுக்கு அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கிடைக்கும். அது "இப்போது முளைக்காதே, சேமி" என்று சொல்லும். அந்த நாட்களில் சேமிப்புப் புரதமும், உலர்வைத் தாங்க உதவும் எல்.ஈ.ஏ. வகைப் புரதங்களும் சேரும். குடுவையில் அந்த அடக்கம் இல்லை. உருண்டை நிலை முடிந்ததும் அப்சிசிக் அமிலம் 0.1 மைக்ரோமோலார், அதாவது லிட்டருக்கு 0.026 மி.கி., வடிகட்டிச் சேர்த்து இருட்டில் வையுங்கள். வெளிச்சத்தில் அது சிதையும். வடிவம் சீராகும், முளைப்பு தள்ளிப்போகும். பத்து நாள் கழித்துக் கழுவி வெற்று ஊடகத்துக்கு மாற்றினால் முளைக்கும். அளவை ஏற்றினால் கரு வளராமலே முடங்கிவிடும் என்பதால் கூட்டிப் போட வேண்டாம்.

அறிகுறி: கண்ணாடிபோல் தெளிந்த, நீர் கோத்த செடிகள்

திரவத்தில் அதிக நாள் கிடந்ததால் வருவது. சீரக நிலையிலேயே எடுத்து, உப்பு பாதியாக்கிய எம்.எஸ்., 1 சதவீதச் சர்க்கரை, 0.8 சதவீத அகர் மேல் வையுங்கள். மூடியில் காற்று போகட்டும்.

அறிகுறி: ஓராண்டாக நன்றாக வந்த செல் வரிசை, இப்போது கருவே தருவதில்லை

இதற்கு ஊடகத்தில் மருந்து இல்லை. தொடர்ந்து மாற்றிக்கொண்டே வரும் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை மாறுகிறது, டி.என்.ஏ.மேல் மெத்தில் குறிகள் மாறுகின்றன, வேகமாகப் பிரியும், ஆனால் கரு தராத செல்கள் கொத்துகளை ஓரங்கட்டிவிடுகின்றன. போராடி நாளைக் கடத்தாதீர்கள். நான் ஒரு வரிசையின் மேல் பாசம் வைத்து எட்டு மாதம் வீணாக்கினேன்.

புது விதையைக் கிருமி நீக்கி, ஹார்மோன் இல்லாத அகரில் முளைக்க வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் தண்டு நூல்போல் நீளும். விதையிலைக்குக் கீழே உள்ள அந்தத் தண்டை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, லிட்டருக்கு 1 மி.கி. 2,4-டி உள்ள எம்.எஸ். அகரில் படுக்க வையுங்கள். களைக்கொல்லியாகக் கடையில் விற்கும் 2,4-டி இதற்கு ஆகாது, ஆய்வுக்கூடத் தரம் வேண்டும். நாலு முதல் ஆறு வாரத்தில் வெட்டு முனையில் வெளிர்மஞ்சளாக, உதிரியாகக் காலஸ் (வடிவமற்ற செல் திரள்) பொங்கும். ஈரமாக, பஞ்சுபோல் நீண்டு நிற்பதை விட்டுவிட்டு, ரவைபோல் உதிர்வதை மட்டும் கிள்ளித் திரவத்துக்கு மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பழையது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, இப்படி ஒரு புது வரிசையைத் தொடங்கிவையுங்கள். தேதியைக் குடுவைமேல் எழுதுங்கள். அழியாத மையில் எழுதுங்கள், இங்கே ஈரத்தில் சாதா மை ஒரு வாரம்கூட நிற்காது.